1983-ன் மாடல் 100-உடன் ஒரு ஜிபிஎஸ்: ஒரு விநாடிக்குள் முடிய வேண்டிய வேலை

டாண்டி நிறுவனத்தின் டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கையடக்கக் கணினியோடு யூ-பிளாக்ஸ் நியோ-6எம் ஜிபிஎஸ் ரிசீவரை இணைத்த வேலையின் முழு விவரம் இது. இருக்கும் இடமும் வேகமும் திரையில் தெரிய வேண்டும், கணினியின் கடிகாரம் வானத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும், போன வழி நினைவகத்தில் பதிவாக வேண்டும்: இந்த மூன்றும்தான் நோக்கம். மூன்றும் நிறைவேறின.

வன்பொருள் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிகிற அளவுதான். மூன்று கம்பிகளும் ஒரு மின்னழுத்த மாற்றியும் போதும். ஆனால் ஜிபிஎஸ் ரிசீவர் யாருக்காகவும் காத்திருக்காது. விநாடிக்கு ஒரு முறை பேசும், கேட்டாயா என்று திரும்பிப் பார்க்காது. அது சொல்வதை அடுத்த விநாடி பிறப்பதற்குள் வாங்கி, பிரித்து, கணக்குப் போட்டு, திரையில் எழுதி முடிக்க வேண்டும். 2.4 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் பேசிக் மொழி ஓடும் ஒரு கணினியில் இது எப்படி முடிகிறது என்பதே இந்த ஆய்வின் மையம்.

கணினியும் அதன் காலமும்

மாடல் 100-ஐத் தயாரித்தது ஜப்பானின் கியோசெரா. அதே அடிப்படையில் என்இசி பிசி-8201, ஒலிவெட்டி எம்10 என்று உடன்பிறப்புகளும் வந்தன. உள்ளே 80சி85 செயலி, 32 கிலோபைட் ராம் (அடிப்படை மாடலில் 8 மட்டும்), 32 கிலோபைட் ரோம். திரை 240-க்கு 64 புள்ளிகள். எழுத்தாகப் பார்த்தால் வரிக்கு 40 வீதம் எட்டு வரிகள். நான்கு ஏஏ பேட்டரியில் சுமார் 20 மணி நேரம் ஓடும் என்று நிறுவனம் சொன்னது. இன்றைக்கும் பொறாமைப்பட வைக்கும் கணக்கு அது. ரோமில் உள்ள மென்பொருள் மைக்ரோசாஃப்ட் எழுதியது. தன் கையால் பெரும்பகுதி நிரல் எழுதிய கடைசி தயாரிப்பு இதுதான் என்று பில் கேட்ஸ் சொல்லியிருக்கிறார். பத்திரிகையாளர்கள் இதைப் பையில் போட்டுக்கொண்டு போய், தொலைபேசி வழியே 300 பாட் (விநாடிக்கு 300 பிட்) மோடத்தில் செய்தி அனுப்பினார்கள்.

அதே 1983-ல்தான் என்எம்இஏ 0183 என்ற தரத்தின் முதல் பதிப்பு வந்தது. அமெரிக்காவின் தேசியக் கடல்சார் மின்னணுச் சங்கம் கப்பல் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்காக உருவாக்கிய தரம் இது. 4800 பாட், எட்டு பிட், சமன் பிட் (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் கூடுதல் பிட்) கிடையாது, எல்லாமே படிக்கக்கூடிய எழுத்துகள். ஒவ்வொரு தகவல் வரிக்கும் ‘வாக்கியம்’ என்று பெயர். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் வழி தவறி சோவியத் வான்பரப்புக்குள் நுழைந்து சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு, ஜிபிஎஸ் முழுமையடைந்ததும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் தரப்படும் என்று அறிவித்தது.

ஆக, கணினியும் ஜிபிஎஸ் பேசும் மொழியும் ஒரே வயது. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இன்று வாங்கும் ஜிபிஎஸ் போர்டும் கப்பல்களுக்காக எழுதப்பட்ட அந்த வாக்கியங்களைத்தான் அனுப்புகிறது. மாடல் 100-க்கு யூஎஸ்பி தெரியாது, புளூடூத் தெரியாது. ஆனால் சீரியல் கம்பியில் எழுத்தெழுத்தாக வருவதை எப்படிக் கேட்பது என்பது அதற்குப் பிறவியிலேயே தெரியும். இந்த வேலை சாத்தியமானதற்கு அது ஒன்றே காரணம்.

இணைப்பு

கம்பியைத் தொடும் முன்பு கணினியின் உள்ளே ஒரு முறை பார்த்துவிடுவது கட்டாயம். நினைவகத்தைக் காக்கும் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்று போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். நாற்பது ஆண்டு பழைய பேட்டரி கசிந்து, பக்கத்துத் தடங்களை அரித்திருக்க வாய்ப்பு அதிகம். மின்தேக்கிகளும் அப்படியே. இவற்றை மாற்றாமல் சீரியல் போர்ட்டில் கோளாறு தேடினால், தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருப்போம்.

நியோ-6எம் போர்டு 3.3 வோல்ட் அளவில் பேசுகிறது. சும்மா இருக்கும்போது கம்பியில் 3.3 வோல்ட் நிற்கும். பூஜ்ய பிட் வந்தால் 0 வோல்ட். மாடல் 100-ன் ஆர்எஸ்-232 என்ற சீரியல் போர்ட்டில் இது தலைகீழ். சும்மா இருக்கும்போது எதிர்மறை மின்னழுத்தம், பூஜ்ய பிட்டுக்கு நேர்மறை. ஏறக்குறைய கூட்டல் 5, கழித்தல் 5 வோல்ட்டுக்கு இடையே அது ஆடுகிறது. இரண்டையும் நேராக இணைத்தால் எழுத்துகள் குப்பையாக வரும் என்பது சின்னப் பிரச்சினை. கணினியின் கழித்தல் 5 வோல்ட் ஜிபிஎஸ் சிப்பின் உள்ளீட்டுக்குள் போய் அதை எரித்துவிடலாம் என்பதுதான் பெரிய பிரச்சினை.

நடுவே மேக்ஸ்3232 சிப் உள்ள சிறிய போர்டு ஒன்றை வைத்தேன். அளவை மாற்றுவது, தலைகீழாக்குவது இரண்டையும் அதுவே செய்கிறது. இந்தச் சிப்பை 3 முதல் 5.5 வோல்ட் வரை எதிலும் ஓட்டலாம் என்பதால் பலர் 5 வோல்ட் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் ஜிபிஎஸ் பக்கம் போகும் வரியிலும் 5 வோல்ட் வரும். நியோ-6எம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. 3.3 வோல்ட்டிலேயே ஓட்டுங்கள். கணினி பக்கத்துக்குத் தேவையான உயர் மின்னழுத்தத்தைச் சிப் தானே உள்ளே உருவாக்கிக்கொள்ளும்.

மாடல் 100-ன் பின்புறம் இருப்பது 25 பின் பெண் சாக்கெட். பின் 2 கணினி அனுப்புவது, பின் 3 கணினி வாங்குவது, பின் 7 தரை. ஜிபிஎஸ்ஸின் அனுப்பும் வரி மாற்றி வழியாகப் பின் 3-க்கு வர வேண்டும். பின் 2-லிருந்து வருவது மாற்றி வழியாக ஜிபிஎஸ்ஸின் வாங்கும் வரிக்குப் போக வேண்டும். சிலர் கேட்க மட்டும்தானே போகிறோம் என்று பின் 2-ஐ விட்டுவிடுவார்கள். விடக் கூடாது. ஜிபிஎஸ்ஸுக்குக் கட்டளை சொல்ல முடிவதே இந்த வேலையின் உயிர் என்பது கீழே தெரியும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, பார்கோட் படிப்பானுக்காக வைத்த 9 பின் போர்ட்டில் 5 வோல்ட் கிடைக்கிறது. அதிலிருந்து ஜிபிஎஸ்ஸை ஓட்ட முடியும். ஆனால் ரிசீவர் 40, 50 மில்லிஆம்பியர் அளவில் இழுக்கும். நான்கு ஏஏ பேட்டரியை நம்பி ஓடும் கணினிக்கு அது பெரிய சுமை. தனி பேட்டரி வைத்து, தரையை மட்டும் பொதுவாக்குவது நல்லது. கம்பியை நீளமாக விட்டு ஆன்டெனாவைக் கணினியிலிருந்து தள்ளி வையுங்கள். செயற்கைக்கோளிலிருந்து வந்து சேரும் சிக்னல் மிக மெலிது; அந்தக் காலத்து பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து கசியும் மின்னிரைச்சலுக்குப் பக்கத்தில் அதை வைப்பதில் பயனில்லை. ஆர்எஸ்-232 சில மீட்டர் தூரத்தைத் தாராளமாகத் தாங்கும்.

முதல் சோதனை, மூன்று அறிகுறிகள்

நியோ-6எம் கடையிலிருந்து வரும்போது 9600 பாட்டில் பேசும். மாடல் 100-ல் உள்ள டெல்காம் என்ற தொடர்பு நிரலைத் திறந்து, நிலையை 88என்1டி என்று வைத்தால் போதும். முதல் 8 வேகத்தைக் குறிக்கும் எண், அதாவது 9600 (7 என்றால் 4800). அடுத்த 8 பிட் எண்ணிக்கை. என் என்றால் சமன் பிட் இல்லை, 1 நிறுத்த பிட். கடைசியில் உள்ள டி, எக்ஸ்ஆன்-எக்ஸ்ஆஃப் கட்டுப்பாடு வேண்டாம் என்று சொல்கிறது. அந்தக் கட்டுப்பாடு இருந்தால் கணினி திணறும்போது ‘நிறுத்து’ என்று எதிர்முனைக்குச் சொல்லும். ஜிபிஎஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளாது.

திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே பெரும்பாலான கோளாறுகளைச் சொல்லிவிடலாம். ஒன்றுமே வரவில்லையா? அனுப்பும் வரியும் வாங்கும் வரியும் மாறியிருக்கின்றன, அல்லது ரிசீவருக்கு மின்சாரம் போகவில்லை. தொடர்ந்து குப்பையாக வருகிறதா? பாட் வேகம் பொருந்தவில்லை, அல்லது தலைகீழாக்கும் சிப் நடுவில் இல்லை. மூன்றாவது அறிகுறிதான் பலரைத் தடுமாற வைக்கிறது. டாலர் குறி, ஜிபி என்ற எழுத்துகள், எண்கள், காற்புள்ளிகள் எல்லாம் ஒழுங்காக வரும். ஆனால் வரிகள் நடுவில் வெட்டுப்பட்டு ஒன்றின் தலையும் இன்னொன்றின் வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இதைப் பார்த்துவிட்டு சால்டர் இரும்பைத் தேடிப் போக வேண்டாம். கம்பி நன்றாக இருக்கிறது. எழுத்துகள் வந்து சேர்ந்த பிறகு கணினிக்குள்ளே தொலைகின்றன.

எழுத்துகள் எங்கே தொலைகின்றன

ஒவ்வொரு எழுத்து வரும்போதும் சீரியல் சிப் செயலியைத் தட்டி எழுப்புகிறது. ரோமில் உள்ள சிறு நிரல் அந்த எழுத்தை எடுத்து பஃபர் என்ற தற்காலிகச் சேமிப்பிடத்தில் போடுகிறது. பேசிக் நிரலோ டெல்காமோ தனக்கு நேரம் கிடைக்கும்போது அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பஃபர் 64 எழுத்து மட்டுமே கொள்ளும்.

9600 பாட்டில் விநாடிக்கு 960 எழுத்து வரும். பஃபர் நிரம்ப 67 மில்லிவிநாடி போதும். அதற்குள் நிரல் திரும்பி வந்து எடுக்காவிட்டால் அடுத்து வருவதற்கு இடமில்லை. மாடல் 100-ன் திரையை ஒரு வரி மேலே தள்ளுவதே கண்ணுக்குத் தெரிகிற அளவு மெதுவான வேலை. டெல்காமில் ஒவ்வொரு வரி முடிவிலும் திரை நகர்கிறது. வரிகள் வெட்டுப்படுவது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஜிபிஎஸ் எவ்வளவு பேசுகிறது என்று பார்ப்போம். தொடக்க நிலையில் நியோ-6எம் விநாடிக்கு ஆறு வகை வாக்கியங்களை அனுப்புகிறது: ஜிஜிஏ, ஜிஎல்எல், ஜிஎஸ்ஏ, ஜிஎஸ்வி, ஆர்எம்சி, விடிஜி. செயற்கைக்கோள் பட்டியலான ஜிஎஸ்வி மட்டுமே பெரும்பாலும் மூன்று நான்கு வரிகள். எல்லாம் சேர்த்து 500 எழுத்தை நெருங்கும். 9600 பாட்டில் இது அரை விநாடி நீடிக்கும் தொடர் மழை. பாட் வேகத்தைக் குறைத்து 4800 ஆக்கினால் மழை மெல்லப் பெய்யும், ஆனால் விநாடிக்கு 480 எழுத்து மட்டுமே போகும் கம்பியில் 500 எழுத்து எப்படிப் போகும்? ஒரு விநாடியின் பேச்சு அடுத்த விநாடிக்குள் வழிந்துவிடும், ஓய்வே இருக்காது.

இந்த இடத்தில் பலரும் கணினியை வேகமாக்கப் பார்க்கிறார்கள். முழுவதையும் செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளும் இயந்திர மொழியில் எழுதுவது, பஃபரைப் பெரிதாக்க ரோமின் நடைமுறையைத் திருப்பிவிடுவது என்று போகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த ஆறு வாக்கியங்களில் நமக்கு எத்தனை தேவை?

ஆர்எம்சி ஒன்றே போதும். நேரம், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, தகவல் நம்பத்தக்கதா இல்லையா என்ற குறி, எல்லாம் அந்த ஒரே வரியில் இருக்கின்றன. அதன் நீளம் சுமார் 70 எழுத்து. 4800 பாட்டில் அது வந்து சேர 150 மில்லிவிநாடி ஆகும். மிச்சம் 850 மில்லிவிநாடி முழு அமைதி. மாடல் 100-ன் பேசிக்குக்கூட அது கை நிறைய நேரம்.

ரிசீவரை அமைதிப்படுத்துவது

யூ-பிளாக்ஸ் ரிசீவர்கள் பியூபிஎக்ஸ் என்று தொடங்கும் சிறப்பு வாக்கியங்களை ஏற்கும். அதில் 40 என்ற வகை, எந்த வாக்கியம் எத்தனை முறைக்கு ஒரு தடவை வர வேண்டும் என்று சொல்வது. பூஜ்யம் கொடுத்தால் அந்த வாக்கியம் நின்றுவிடும். 41 என்ற வகை பாட் வேகத்தை மாற்றும். மாடல் 100-ன் பேசிக்கிலிருந்து காம் போர்ட்டை வெளியீட்டுக்காகத் திறந்து இந்த வரிகளை அச்சிட்டால் வேலை முடிந்தது. சர்ஃப் சிப் உள்ள பழைய ரிசீவர்களில் இதே வேலைக்கு பிஎஸ்ஆர்எஃப்103, கார்மின் கருவிகளில் பிஜிஆர்எம்ஓ.

ஒவ்வொரு கட்டளையின் முடிவிலும் சரிபார்ப்பு எண் இருக்க வேண்டும். அது தவறானால் ரிசீவர் அந்தக் கட்டளையைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். டாலர் குறிக்கும் நட்சத்திரக் குறிக்கும் நடுவில் உள்ள எழுத்துகள் அத்தனையையும் ஒன்றோடொன்று எக்ஸ்ஆர் (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1 வைக்கும் கணக்கு) செய்து வரும் எண் அது, பதினாறடிமானத்தில். ஜிஎஸ்வி-யை நிறுத்தும் கட்டளைக்கு 59, ஜிஎல்எல்-க்கு 5சி. இந்தக் கட்டளைகளைக் கையால் கணக்குப் போடுவது எனக்குப் பிடித்த வேலை. கடைசியில் வரும் நான்கு காற்புள்ளிகளும் நான்கு பூஜ்யங்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே முன்பகுதியோடு வாக்கியத்தின் மூன்றெழுத்துப் பெயரை மட்டும் எக்ஸ்ஆர் செய்தாலே விடை வந்துவிடுகிறது.

உயரமும் செயற்கைக்கோள் எண்ணிக்கையும் வேண்டுமென்றால் ஜிஜிஏ தேவை. அதை முழுதாக நிறுத்தாமல், ஐந்து முறைக்கு ஒரு தடவை மட்டும் வரச் சொல்லலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். உயரம் விநாடிக்கு விநாடி தெரிய வேண்டிய அவசியம் நடந்து போகிறவருக்கு இல்லை.

கடைசியாக 4800-க்கு மாற்றும் கட்டளை. அது போன மறுகணமே ரிசீவர் புதிய வேகத்தில் பேசத் தொடங்கிவிடும். காம் போர்ட்டை மூடி, 78என்1டி என்று மீண்டும் திறக்க வேண்டும்.

வாக்கியத்தைப் படிப்பது

பேசிக் நிரலின் முதல் வரியிலேயே கிளியர் கட்டளை வேண்டும். எழுத்துச் சரங்களுக்கு மாடல் 100 தானாக ஒதுக்குவது 256 பைட் மட்டும். அதை வைத்து இந்த வேலை ஓடாது. நான் 1000 வைத்தேன்.

படிக்கும் கட்டளை லைன் இன்புட். வெறுமனே அதை வைத்தால் ஜிபிஎஸ் பேசாதபோது நிரல் அங்கேயே உறைந்து நிற்கும். அதற்கு ஆன் காம் கோசப் என்ற அருமையான வசதி இந்தப் பேசிக்கில் இருக்கிறது. எழுத்து வரத் தொடங்கினால் மட்டும் குறிப்பிட்ட துணைநிரலுக்குப் போகும்; மற்ற நேரத்தில் முதன்மைச் சுழற்சி விசைப்பலகையைக் கவனித்துக்கொண்டிருக்கும். 1983-ல் மடியில் வைக்கும் கணினியில் இதைத் தந்தவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

வந்த வரியில் முதலில் டாலர் குறி எங்கே என்று தேட வேண்டும். முந்தைய வரியின் மிச்சமாக ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தால், இட எண் ஒன்று தள்ளிப்போய் எல்லாம் குழம்பும். அப்புறம் நான்காவது எழுத்திலிருந்து மூன்றெழுத்து ஆர்எம்சி-யா என்று பார்ப்பது. ஜிபி என்ற முதல் இரண்டெழுத்தைச் சோதிக்க வேண்டாம். பல நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்துக் கேட்கும் புதிய ரிசீவர்கள் அந்த இடத்தில் ஜிஎன் என்று அனுப்பும்.

நியோ-6எம் அனுப்பும் ஆர்எம்சி-யில் முன்பாதி நிலையான அகலம் கொண்டது. 8-ஆம் இடத்தில் நேரம், 18-ல் நிலைக்குறி, 20-ல் அட்சரேகை, 33-ல் தீர்க்கரேகை. காற்புள்ளி காற்புள்ளியாகத் தேடிக்கொண்டு போகத் தேவையில்லை. நேராக வெட்டி எடுத்துக்கொள்ளலாம். 47-ல் தொடங்கும் வேகம்தான் நீளம் மாறும், அங்கிருந்து மட்டும் தேடல். வேகம் கடல் மைல் கணக்கில் வரும், 1.852 ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீட்டர். ரிசீவர் இன்னும் இடத்தைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் நிலைக்குறி ஏ-க்குப் பதில் வி என்று வரும், பல புலங்கள் காலியாக இருக்கும், வரி குட்டையாகும். எனவே முதல் சோதனை நீளம்தான். வரி நாற்பது எழுத்துக்கும் குறைவு என்றால் மேலே போகாமல் ‘காத்திருக்கவும்’ என்று காட்டிவிட்டு அடுத்த விநாடிக்குப் போகலாம்.

சரிபார்ப்பு எண்ணைச் சோதிக்க வேண்டுமா? வழியைப் பதிவு செய்யப் போகிறோம் என்றால் கட்டாயம் வேண்டும். ஒரு எழுத்து தொலைந்தாலும் வரைபடத்தில் ஒரு புள்ளி வேறு ஊருக்குப் பறந்துவிடும். ஆனால் அறுபதுக்கும் மேற்பட்ட எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி, எண்ணாக்கி, எக்ஸ்ஆர் செய்யும் சுழற்சியைப் பேசிக்கில் எழுதினால் மிச்சமிருக்கும் 850 மில்லிவிநாடியில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். இயந்திர மொழி உண்மையில் தேவைப்படுவது இந்த ஒரு இடத்தில்தான்.

நிரல் மிகச் சிறியது. 80சி85-ல் நினைவகத்தில் உள்ள பைட்டை நேராக எக்ஸ்ஆர் செய்யும் கட்டளைக்கு 7 கடிகாரச் சுழற்சி, முகவரியை ஒன்று கூட்ட 6, எண்ணிக்கையை ஒன்று குறைக்க 4, திரும்பத் தாவ 10. ஆக எழுத்துக்கு 27 சுழற்சி. 65 எழுத்துக்கு 1755. 2.4576 மெகாஹெர்ட்ஸில் அது 0.7 மில்லிவிநாடி! விநாடியின் பெரும்பகுதியைக் கேட்ட வேலை ஒரு மில்லிவிநாடிக்குள் அடங்கிவிடுகிறது. பேசிக்கின் வார்பிடிஆர் சரத்தின் விவரம் எங்கே இருக்கிறது என்று சொல்லும்: முதல் பைட் நீளம், அடுத்த இரண்டும் சரத்தின் முகவரி. அந்த விவர முகவரியை கால் கட்டளையின் மூன்றாவது மதிப்பாகக் கொடுத்தால் அது எச்எல் பதிவேட்டில் போய் உட்காரும். விடையை ஒரு நினைவக இடத்தில் வைத்துவிட்டு பேசிக்கில் பீக் செய்து எடுக்கலாம். 32 கிலோபைட் கணினியில் பயனருக்கான நினைவகத்தின் உச்சி 62960. கிளியர் கட்டளையின் இரண்டாவது எண்ணால் அந்த உச்சியைச் சற்றுக் கீழே இறக்கி, கிடைத்த இடத்தில் இந்தத் துணுக்கை வைத்தேன்.

திரையில் எழுதுவதற்கு அச்சிடும் இடத்தை எண்ணாகக் கொடுக்கும் முறையை மட்டும் பயன்படுத்துங்கள். 0 முதல் 319 வரை திரையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. திரை நகரவே கூடாது. மாறாத சொற்களை ஒரே முறை எழுதிவிட்டு, மாறும் எண்களை மட்டும் மேலெழுதினால் போதும்.

பாகையும் நிமிடமும்

ஆர்எம்சி தரும் அட்சரேகை தசமப் பாகை அல்ல. மெரினா கலங்கரை விளக்கத்தின் பக்கம் நின்றால் 1302.38, 08016.75 என்பதுபோல் வரும். முதல் எண்ணில் 13 பாகை, 02.38 நிமிடம். நிமிடத்தை 60 ஆல் வகுத்துக் கூட்ட வேண்டும்: 13.0397. தீர்க்கரேகையில் முதல் மூன்று இலக்கம் பாகை: 80 பாகை 16.75 நிமிடம், அதாவது 80.2792. அப்படியே புள்ளியை நகர்த்தி 13.0238, 80.1675 என்று எடுத்துக்கொண்டால் தெற்கே ஒன்றே முக்கால் கிலோமீட்டர், மேற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் பிசகும். மெரினாவில் நிற்பவரைப் போரூருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். எண்கள் பார்ப்பதற்கு நம்பும்படி இருப்பதால் இந்தப் பிழை நெடுநாள் கண்ணில் படாமல் இருக்கும்.

மாடல் 100-ன் பேசிக் எண்களை இயல்பாகவே 14 இலக்கத் துல்லியத்தில் வைத்துக்கொள்கிறது. ஆறேழு இலக்கத்தோடு நிற்கும் ஒற்றைத் துல்லிய பேசிக்குகளில் ஜிபிஎஸ் எண்களின் கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடும். இங்கே அந்தக் கவலை இல்லை. அதற்கான விலை வேகம். சைன், கொசைன் எல்லாம் மெதுவாகத்தான் வரும். சேமித்த ஒரு புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று காட்ட, கோள முக்கோணவியல் முழுவதையும் ஒவ்வொரு விநாடியும் போட வேண்டாம். ஒரு ஊருக்குள் சுற்றுவதற்குப் பூமியைத் தட்டையாகவே எடுத்துக்கொள்ளலாம். பாகைக்கு 111 கிலோமீட்டர். கிழக்கு மேற்குக்கு அதை அட்சரேகையின் கொசைனால் பெருக்க வேண்டும். அந்தக் கொசைனை நிரல் தொடங்கும்போது ஒரே முறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால் சரி. மிச்சமெல்லாம் பெருக்கலும் ஒரு வர்க்கமூலமும்தான்.

கடிகாரம்

நேரத்தை ஆர்எம்சி-யிலிருந்து எடுத்து, 330 நிமிடம் கூட்டி, டைம் மாறியில் போட்டால் கணினியின் கடிகாரம் இந்திய நேரத்துக்கு வந்துவிடும். உலக நேரம் 18:30-ஐத் தாண்டினால் நமக்கு மறுநாள் பிறந்துவிடுகிறது என்பதை நிரலில் மறக்கக் கூடாது. குளிர்ந்த நிலையிலிருந்து ரிசீவரை இயக்கியவுடன் கடிகாரத்தை வைக்கவும் கூடாது. ஜிபிஎஸ் நேரத்துக்கும் உலக நேரத்துக்கும் இப்போது 18 விநாடி வித்தியாசம். அந்த வித்தியாசம் எவ்வளவு என்ற தகவலைச் செயற்கைக்கோள்கள் 12.5 நிமிடத்துக்கு ஒரு சுற்றாகத்தான் அனுப்புகின்றன. அது வந்து சேரும்வரை நேரம் சில விநாடிகள் தள்ளியிருக்கலாம். கால் மணி நேரம் பொறுத்து வைப்பதே முறை.

தேதியில் இரண்டு பழமைகள் சந்திக்கின்றன. மாடல் 100-ன் கடிகாரச் சிப்புக்கு ஆண்டு என்பதே தெரியாது. ஆண்டை மென்பொருள்தான் தனியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. திரையில் காட்டும்போது முன்னால் 19 என்பது ரோமிலேயே பதிந்திருக்கிறது. ஆர்எம்சி-யும் ஆண்டை இரண்டே இலக்கத்தில் அனுப்புகிறது. 2025 என்றால் 25 வரும், திரையில் 1925 என்று தெரியும். கோப்புகளுக்கு நான் இரண்டிலக்க ஆண்டையே பயன்படுத்துகிறேன். முதன்மைத் திரையின் நூற்றாண்டை அப்படியே விட்டுவிட்டேன்.

இந்தக் கணினிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று தொண்ணூறுகளின் ரிசீவர் ஒன்றைத் தேடுபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஜிபிஎஸ் சிக்னலில் வார எண் 10 பிட் மட்டுமே; 1024 வாரத்துக்கு ஒரு முறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. பழைய ரிசீவர்கள் பல இப்போது பத்தொன்பதரை ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கிய தேதியைச் சொல்லும். இடமும் நேரமும் சரியாகவே இருக்கும்.

வழியைப் பதிவு செய்தல்

எந்தக் கோப்பும் இல்லாத 32 கிலோபைட் கணினியில் 29,638 பைட் காலி என்று திரை சொல்லும். நிரல், சரங்களுக்கான இடம் எல்லாம் போக 26,000 அளவில் பதிவுக்குக் கிடைக்கும். வருகிற ஆர்எம்சி-யை விநாடிக்கு ஒன்றாக அப்படியே சேமித்தால் ஆறே நிமிடத்தில் நிரம்பிவிடும். நேரம் ஆறு இலக்கம், அட்சரேகையும் தீர்க்கரேகையும் நிமிடத்தில் மூன்று தசம இடம் வரை, நடுவே காற்புள்ளிகள் என்று சுருக்கினால் வரி முடிவோடு சேர்த்து 27 பைட்தான் ஆகிறது. நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு 1.85 மீட்டர், இந்த ரிசீவரின் துல்லியத்துக்கு அதற்கு மேல் எழுதுவது வீண். அரை நிமிடத்துக்கு ஒரு வரி வீதம் சுமார் 960 வரிகள், ஏறக்குறைய எட்டு மணி நேரம். காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற வரைக்கும் இடம் இருக்கிறது. காம் போர்ட்டும் பதிவுக் கோப்பும் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும் என்பதால் மேக்ஸ்ஃபைல்ஸ் 2 என்று வைக்க வேண்டும். இயல்பில் அது 1.

மாடல் 100-ல் இந்தக் கோப்பு சாதாரண உரைக் கோப்புதான். டெக்ஸ்ட் நிரலில் திறந்து, நடந்த வழியை எண்களாகவே படிக்கலாம், நடுவே குறிப்பும் எழுதலாம். ‘இந்த இடத்தில் தேநீர்’ என்று ஒரு வரிக்குப் பக்கத்தில் தட்டச்சு செய்ய முடிகிற ஜிபிஎஸ் பதிவுக் கருவி வேறு எது? முழு அளவு விசைப்பலகையோடு, எப்போது நிறுத்தினாலும் நினைவகம் அழியாமல் இருக்கும் இந்தக் கணினியை இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்ததற்கு எனக்கு இதுவே காரணம்.

வீட்டுக்கு வந்ததும் ஜிபிஎஸ் கம்பியைக் கழற்றிவிட்டு இன்றைய கணினியோடு இணைக்க வேண்டும். இம்முறை பின் 2-ம் 3-ம் குறுக்காக மாறும் கேபிள் தேவை, ஏனென்றால் இரண்டு முனையிலும் இருப்பது கணினி. டெல்காமில் இணைப்பு நிலையில் ‘அப்’ விசையை அழுத்திக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் வரிகள் மறுமுனைக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே சின்ன நிரல் ஒன்று பாகையையும் நிமிடத்தையும் பிரித்து, 60 ஆல் வகுத்து, ஜிபிஎக்ஸ் கோப்பாக எழுதுகிறது. எந்த வரைபட மென்பொருளும் அதைத் திறக்கும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே புள்ளிகள் தெருவை விட்டுச் சற்று விலகியிருக்கும். அது சிக்னல் சுவர்களில் எதிரொலித்து வருவதன் விளைவு, மாடல் 100-ன் கணக்கில் பிசகில்லை. திறந்த சாலையில் புள்ளிகள் சாலையின் மேலேயே விழுகின்றன.